கணுக்காலில் தேயிலைக் கறை

பம்பை நிறுத்தியதும் குழாயில் ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் எங்கே போகிறது என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், குணாளனுக்கு அன்றைய பொழுது நிறைந்துவிடும். கேட்பவர்கள்தான் குறைவு. கம்போங் ராஜா என்ற ஊருக்கு மேலே, மலைச்சரிவில் கிடந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் தண்ணீர் லைன் முழுவதும் அவன் பொறுப்பு. கீழே ஓடை, ஓடைக்கரையில் பம்பு, உச்சியில் தண்ணீர் தேக்கும் டாங்கி, நடுவில் செங்குத்தாக ஏறும் குழாய். பம்பு ஓடும்வரை தண்ணீர் ஏறும். நின்றால், பாதி வழியில் இருக்கும் தண்ணீர் தன் எடையாலேயே கீழே விழப் பார்க்கும். அதை விழவிடாமல் தாங்குவது வால்வு. மேலே போகிற தண்ணீருக்கு வழிவிட்டு, திரும்புகிற தண்ணீருக்குக் கதவைச் சாத்துகிற ஒரு சின்னத் தகடு. அந்தத் தகடு தேய்ந்துவிட்டால் பம்பு நாள் முழுக்க ஓடினாலும் டாங்கி நிறையாது. ஏற்றியதெல்லாம் இறங்கிவிடும்.

அதனால்தான் மலைக்குக் கீழே ஈப்போ டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் டெஸ்மண்ட், அவன் மனைவி சசிரேகாவின் இடது காலைப் பார்த்துவிட்டு, "வால்வு போயிருக்கு அண்ணே" என்று சொன்னபோது, குணாளன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

சசிரேகா முதலில் கொழுந்து பறித்தவள். பிறகு தேயிலை ஃபேக்டரியில், தூள் சலிக்கும் மெஷினுக்குப் பக்கத்தில், சிமெண்டுத் தரையில் நின்றே பல வருஷம் ஓட்டியவள். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு சுருண்டு புடைத்திருந்தது. டாக்டர் அவளை நிற்கவைத்து, தொடையில் பசைபோல எதையோ தடவி, ஸ்கேன் கருவியை வைத்தார். மறு கையால் கெண்டைக்காலைப் பிசைந்தார். திரையில் நீலமாக ஏதோ மேலே ஓடியது.

"பார்த்தீங்களா, ரத்தம் மேல ஏறுது. கெண்டைச் சதைதான் இங்க பம்பு. ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் அது பிழிஞ்சு மேல அனுப்புது. இப்ப கையை எடுக்கிறேன்."

கையை எடுத்தார். திரை சிவப்பாகி, அந்தச் சிவப்பு நின்று நிதானமாகக் கீழே வடிந்தது.

"நல்ல காலுன்னா இந்தச் சிவப்பு வரவே கூடாது. வால்வு டப்புனு மூடிக்கணும்."

"வால்வை மாத்திடலாமா டாக்டர்?"

"இதுக்கு ஸ்பேர் பார்ட் இல்ல லா" என்று டாக்டர் சிரித்தார். "அந்தக் குழாயையே மூடிடப் போறோம். கத்தி கிடையாது. முழங்காலுக்குப் பக்கத்துல ஒரு ஊசி ஓட்டை. அது வழியா லேசர் வயரை உள்ள விட்டு, சூடு வெச்சுக்கிட்டே இழுத்தா, குழாய் சுருங்கி ஒட்டிக்கும். அன்னைக்கே நடந்து வீட்டுக்குப் போயிடலாம்."

குணாளன் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். பம்பு ஓடும்போது மேலே, கையால் திருகி மூடும் கேட் வால்வை மூடினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். ஒரு தடவை யாரோ விவரம் தெரியாமல் மூடியதில், கீழே குழாய் மூட்டு வெடித்து, தொழிலாளர் லைன் வீட்டுக் கோழிக்கூண்டு ஒன்று கோழிகளோடு ஓடைக்குப் போயிருக்கிறது. மூடினால் அந்த ரத்தம் எங்கே போகும்? கேள்வி தொண்டைவரை வந்தது. அதற்குள் அடுத்த நோயாளியைச் சக்கர நாற்காலியில் உள்ளே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். கேட்காத கேள்வியைச் சுமந்துகொண்டே அவன் மலையேறி வீடு வந்து சேர்ந்தான்.

சிகிச்சைக்குத் தேதி வாங்கியவள் சசிரேகாதான். "நீங்க வந்தா வாங்க. வரலைன்னா நான் புனிதன்கூட போயிக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். புனிதன் அவள் தம்பி. கோலா தெர்லாவிலிருந்து ஈப்போவுக்குக் காய்கறி ஏற்றும் வேன் வைத்திருந்தான்.

தேதி வந்தது. விடிந்ததும் குணாளன் ஓடைக்கு இறங்கி, பம்பைத் தட்டிவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினான். குளியலறையிலிருந்து தேங்காய் நார் தேய்க்கும் சத்தம் கேட்டது. எதைத் தேய்க்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். இடது கணுக்காலுக்கு உள்பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை. தேயிலைக் கறை. அந்தத் தோட்டத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கொழுந்து பறித்தால் விரல் பழுப்பேறும், ஃபேக்டரியில் நின்றால் தூள் பறந்து ஈரக் காலில் படியும். பக்கத்து வீட்டு மணியம்மாவுக்கு இரண்டு காலிலும் இருந்தது. ஆனால் இன்றைக்கு டாக்டரும் நர்ஸும் அந்தக் காலைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கப்போகிறார்கள். அழுக்குக் காலோடு வந்தாள் என்று நினைத்துவிட்டால்? அதனால் ஒரு பானைத் தண்ணீரைக் கொதிக்கக் காய்ச்சி விளாவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நார் சத்தம் நின்றது.

"ஏங்க." குரலில் பயம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. "இங்க கொஞ்சம் வாங்களேன்."

உள்ளே ஆவி மண்டியிருந்தது. சிமெண்டுத் தரையில் ஓடிய தண்ணீர் சிவப்பாக இருந்தது. சசிரேகா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் கணுக்காலிலிருந்து நூல் கனத்தில் ஒரு கோடு கிளம்பி வாளியில் போய் விழுந்துகொண்டிருந்தது. கறுப்புப் பாலி பைப்பில் ஊசி ஓட்டை விழுந்தால் பீச்சுமே, அதே மாதிரி.

"வலிக்குதா?"

"வலியே இல்லங்க. அதான் பயமா இருக்கு."

ஒரு கைலியைச் சுற்றி அவளை அணைத்துத் தூக்கிவந்து கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தான். துண்டை வைத்து அமுக்கினான். துண்டு நனைந்தது. அவன் கூப்பிட்ட சத்தத்தில் மணியம்மா பின்வாசல் வழியாக வந்தாள். ஒரு காலத்தில் பாம்பு கடித்த ஆள் ஒருவனுக்கு இவள்தான் கட்டுப் போட்டாள், அவன் பிழைத்துக்கொண்டான். அன்றிலிருந்து தோட்டத்தில் யாருக்கு என்ன காயம் என்றாலும் மணியம்மா இல்லாமல் அது ஆறாது.

"தள்ளு தம்பி" என்றாள். இடுப்பிலிருந்து ஒரு ரப்பர் பட்டியை உருவினாள். மோட்டார் சைக்கிள் டியூபை வெட்டிச் செய்தது. அட்டை ஏறாமலிருக்கக் கொழுந்து பறிக்கிறவர்கள் காற்சட்டை முனையில் கட்டிக்கொள்வது. அதை முழங்காலுக்குக் கீழே இரண்டு சுற்றுச் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு முடிச்சுப் போட்டாள். "ரத்தம் மேலேர்ந்துதானே இறங்குது? மேல அடைச்சா கீழ நின்னுடும்."

குணாளனுக்கும் அது சரியாகத்தான் பட்டது. டாங்கியிலிருந்து வீடுகளுக்கு இறங்கும் குழாய் உடைந்தால் அவனும் மேலேதான் அடைப்பான்.

வாசலில் வேன் வந்து நின்றது. "என்னக்கா, அலங்காரம் இன்னும் முடியலையா? டாக்டரு என்ன பொண்ணு பார்க்கவா வர்றாரு?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்த புனிதன், தரையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

இரண்டாவது துண்டும் நனைந்துவிட்டது.

"இன்னும் இறுக்கணும்" என்றாள் மணியம்மா. "புனிதா, நீ இழு."

புனிதன் இழுத்தான். பட்டி சதைக்குள் பதிந்தது. துண்டை எடுத்துப் பார்த்தபோது கோடு நிற்கவில்லை, முன்பைவிட எட்டிப் போய் விழுந்தது. பாதம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. புறங்காலில் இதுவரை கண்ணில் படாத நரம்பெல்லாம் புடைத்து எழுந்தன.

"குளிருதுங்க" என்றாள் சசிரேகா. உதடு வெளுத்திருந்தது.

"மாமா, தூக்குங்க. தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு ஓடிடலாம்."

"ரத்தத்தை நிறுத்தாம தூக்கினா பாதி ரோட்டுல என்னடா பண்ணுவே?" என்றாள் மணியம்மா. "இன்னொரு பட்டி கொண்டாங்க."

குணாளன் அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எங்கோ கணக்கு உதைத்தது. மேலே அடைத்த பிறகு கீழே வற்றத்தானே வேண்டும்? இது ஏன் நிறைகிறது?

நிறைகிறதென்றால் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. திரும்பிப் போக வழியில்லை.

அவனுக்கு ஓடைக்கரை ஞாபகம் வந்தது. இது டாங்கியிலிருந்து இறங்கும் குழாய் இல்லை. ஓடையிலிருந்து ஏறும் குழாய். இதயத்திலிருந்து காலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்கள் உள்ளே ஆழத்தில் இருக்கின்றன, தடித்தவை, நல்ல அழுத்தம் உள்ளவை. ஒரு ரப்பர் பட்டிக்கு அவை அடங்காது. பட்டி நெரித்தது மெல்லிய குழாய்களைத்தான், ரத்தத்தைத் திரும்ப மேலே கொண்டுபோகிற குழாய்களை. பம்பு ஓடிக்கொண்டிருக்கிறது, கேட் வால்வு மூடியிருக்கிறது, எங்கே மூட்டு பலவீனமோ அங்கே பீச்சுகிறது. புனிதன் இழுக்க இழுக்க அதனால்தான் எட்டிப் போகிறது.

அவன் குனிந்து முடிச்சில் கை வைத்தான். மணியம்மா அந்தக் கையைப் பிடித்தாள்.

"பைத்தியமா தம்பி உனக்கு? அவுத்தா உசுரு போயிடும்."

"கட்டினதுக்கு அப்புறம்தான்க்கா அதிகமா வருது."

"நீ பைப்பு பார்க்கிறவன். இது ஒண்ணும் உன் பம்பு இல்ல."

"பம்புதான்க்கா."

சொல்லிவிட்டானே தவிர, முடிச்சை அவன் இன்னும் இழுக்கவில்லை. குழாயில் தப்புச் செய்தால் வெட்டிவிட்டு வேறு துண்டு போடலாம். இங்கே தப்பாகிவிட்டால் மாற்றிப்போட எதுவும் இல்லை. சசிரேகாவின் முகத்தைப் பார்த்தான். அவள் கண் அவன்மேல்தான் இருந்தது.

முடிச்சு ரத்தத்தில் ஊறி இறுகிப் போயிருந்தது, நகத்துக்கு வரவில்லை.

"மச்சான், கத்தி."

புனிதன் அட்டைப்பெட்டி அறுக்கும் கத்தியை எடுத்து, யாரிடம் கொடுப்பது என்று தெரியாதவன்போல மணியம்மாவையும் குணாளனையும் மாறி மாறிப் பார்த்தான். குணாளன் பிடுங்கி, பட்டிக்கும் சதைக்கும் நடுவே விரலைக் கொடுத்து, ஒரே இழுப்பில் அறுத்தான்.

மணியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"படுக்கவை. தரையில. தலைக்கு ஒண்ணும் வேணாம்." சசிரேகாவைச் சாய்த்தார்கள். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே காலைத் தூக்கி வைத்து, குதிகாலை இன்னும் ஒரு முழம் உயர்த்திப் பிடித்து, ஓட்டையின்மேல் மடித்த துணியை வைத்து, கட்டை விரலால் அழுத்தினான்.

தண்ணீருக்கு இருக்கிற ஒரே பிடிவாதம், மட்டம் தேடுவது. காலை நெஞ்சுக்கு மேலே தூக்கிவிட்டால், வால்வு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, ரத்தம் தானாகவே இதயத்தைப் பார்த்து வடியத்தான் வேண்டும். கண்முன்னாலேயே அது நடந்தது. புறங்காலில் எழுந்த நரம்புகள் ஒவ்வொன்றாக அமுங்கின. கெண்டைக்காலில் இத்தனை வருஷமாகச் சுருண்டு கிடந்ததுகூடத் தட்டையாகிக் காணாமல் போனது. கத்தரிக்காய் நிறம் வெளுத்தது. துணியில் சிவப்பு பரவுவது நின்றது.

பிறகு புனிதன், "நின்னுடுச்சா மாமா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"விரலை எடுத்தாத்தான் தெரியும். எடுக்க மாட்டேன்."

வேனில் பின்பக்கத்துக் கூடைகளை ஒதுக்கி அவளைக் கிடத்தினார்கள். இரண்டு காய்கறிப் பெட்டியை அடுக்கி அதன்மேல் கால். குணாளன் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, விரலை எடுக்காமலே வந்தான். மணியம்மா ஏறவில்லை. அறுந்த பட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். கோலா தெர்லா தாண்டியதும் லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன. புனிதன் ஹாரனை அமுக்கிக்கொண்டே எதிர்ப்பக்கத்தில் ஏறி, திட்டு வாங்கிக்கொண்டு, திருப்பித் திட்டிக்கொண்டு ஓட்டினான். வளைவுகளில் பெட்டி நகரும்போதெல்லாம் குணாளன் உடம்பால் முட்டுக்கொடுத்தான். விரல் மரத்துப்போய், அது தன்னுடையதுதானா என்று சந்தேகம் வந்தது.

"சுத்தமா இருக்கட்டும்னுதான் தேய்ச்சேன்" என்றாள் சசிரேகா, கண்ணை மூடிக்கொண்டே. "கறை போகவே இல்ல. கொஞ்சம் அழுத்தித் தேய்ச்சுட்டேன்."

"பேசாம படு."

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் எமெர்ஜென்சியில் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரஸர் அவன் விரலை எடுத்துவிட்டு, பஞ்சு வைத்து, பாதத்திலிருந்து முழங்கால்வரை பட்டைத்துணியால் ஒரே சீராகச் சுற்றினார். ரத்தம் ஏற்றினார்கள். ஈப்போவுக்குப் போன் போட்டார்கள். டாக்டர் டெஸ்மண்ட் அவனிடமே பேசினார். "அந்த இடத்துல தோல் காகிதம் மாதிரி ஆயிருக்கு அண்ணே. மேலேர்ந்து விழுற பாரம் முழுக்க அது மேலதான் நிக்குது. தள்ளிப் போடாதீங்க. அடுத்த தடவை வீட்டுல யாரும் இல்லாத நேரமா இருந்துட்டா?"

சிகிச்சைக்குப் புதுத் தேதி சீக்கிரமே கிடைத்தது. ஆனால் குணாளனுக்கு முன்பு இருந்த பயம் இப்போது இரட்டிப்பாகியிருந்தது. முன்பு அது வெறும் கணக்கு. இப்போது கண்ணால் பார்த்தாயிற்று. மேலே கட்டினால் கீழே பீச்சியது. இந்த டாக்டர் மேலே நிரந்தரமாகக் கட்டப்போகிறார். மணியம்மா போட்ட முடிச்சையாவது அறுக்க முடிந்தது. சூடு வைத்து ஒட்டியதை எந்தக் கத்தியால் அறுப்பது?

"வேணாம் சசி" என்றான். "பட்டைத்துணி கட்டிக்கிட்டே ஓட்டிடலாம்."

"கட்டாம இருந்தப்பவும்தான் பீச்சுச்சு" என்றாள் அவள். குளிக்கவே பயந்து, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் நடக்கும்போதுகூடக் கணுக்காலையே பார்த்துக்கொண்டு நடந்தாள். மணியம்மா அந்தப் பக்கமே வரவில்லை. "இப்படி காலைப் பார்த்துக்கிட்டே எத்தனை நாளைக்குங்க? உங்களுக்கு சந்தேகம் இருந்தா அவர்கிட்ட கேளுங்க. என்கிட்ட கேட்டா எனக்கென்ன தெரியும்?"

இந்தத் தடவை அவன் கேட்பது என்று முடிவுசெய்துகொண்டுதான் வேனில் ஏறினான்.

சிகிச்சை அறை சின்னது. சசிரேகா நீலக் கவுன் போட்டுக் கட்டிலில் படுத்திருந்தாள். நர்ஸ் கத்தரீன் மருந்தில் நனைத்த துணியால் காலைத் துடைத்தாள். கணுக்காலுக்கு வந்ததும் சசிரேகா கூச்சத்தோடு, "அது தேயிலைக் கறை சிஸ்டர், போகாது" என்றாள்.

கத்தரீன் நிமிர்ந்து டாக்டரைப் பார்த்தாள்.

"இது தேயிலை இல்லக்கா" என்றார் டாக்டர். "வெளியேர்ந்து ஒட்டின கறையே இல்ல. உள்ளேர்ந்து வந்தது. வால்வு போனதால ரத்தம் கீழயே தேங்கி நிக்குது. தேங்கின பாரம் தாங்காம சின்னச் சின்னக் குழாயிலேர்ந்து தோலுக்குள்ள கசியுது. ரத்தத்துல இரும்பு இருக்கில்ல? கசிஞ்ச ரத்தம் போயிடும், இரும்பு தங்கிடும். பழைய பைப்புல பிடிக்கிற துரு மாதிரி. துருப் பிடிச்ச இடத்துல தோல் மெலிஞ்சுடும். அதை நீங்க நார் போட்டுத் தேய்ச்சிருக்கீங்க."

சசிரேகா கூரையைப் பார்த்தாள். எத்தனை வருஷமாகத் தேய்க்கிறோம் என்று நினைத்துப்பார்ப்பது போலிருந்தது. குணாளனுக்கு மணியம்மாவின் இரண்டு கால்களும் கண்முன் வந்துபோயின.

"டாக்டர்" என்றான். "ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு மேல கட்டினோம், கீழ பீச்சுச்சு. இறுக்க இறுக்க அதிகமாச்சு. என் கண்ணால பார்த்தேன். நீங்க மேலயே மூடப் போறீங்க. அந்த ரத்தம் எங்க போகும்?"

டாக்டர் கையுறையைக் கழற்றினார். ஓரத்து மேசையின் இழுப்பறையைத் திறந்து எதையோ எடுத்தார். அதைப் பார்த்ததும் குணாளன் கட்டிலுக்கு முன்னால் வந்து நின்றான். ஒரு ரப்பர் பட்டி.

"வேணாம் டாக்டர்."

"நான் சொல்றதை நம்ப வேணாம் அண்ணே. நீங்களே பாருங்க. கணுக்கால்ல கத்தரீன் விரலை வெச்சுக்குவாங்க. அக்கா, உங்களுக்கு சம்மதமா?"

சசிரேகா பட்டியைப் பார்த்தாள், குணாளனைப் பார்த்தாள். "கட்டுங்க" என்றாள்.

டாக்டர் அவள் காலை உயர்த்தி, நரம்பெல்லாம் வடிந்து தட்டையாகும்வரை காத்திருந்தார். பிறகு தொடையின் மேல்பக்கத்தில் பட்டியைச் சுற்றினார். இறுக்கவில்லை. பட்டிக்கு அடியில் குணாளனின் சுண்டுவிரலை நுழைக்கச் சொன்னார். நெருக்கமாகத்தான், ஆனால் நுழைந்தது.

"இப்ப எழுந்து நில்லுங்க அக்கா."

அவள் இறங்கி நின்றாள். கத்தரீன் கீழே உட்கார்ந்து கணுக்கால் காயத்துப் பிளாஸ்திரியின்மேல் விரலை வைத்திருந்தாள். குணாளன் தரையில் மண்டி போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கெண்டைக்காலைப் பார்த்தான். பாதம் கருக்கும் என்று காத்திருந்தான். நரம்பு புடைத்து எழும் என்று காத்திருந்தான். பாதம் பாதமாகவே இருந்தது. கெண்டைக்கால் தட்டையாகவே இருந்தது. இருபது வயதுப் பெண்ணின் கால்போல.

"இப்ப பட்டியை எடுக்கிறேன். மேலேர்ந்து பாருங்க."

எடுத்தார். தொடையில் ஒரு புடைப்பு எழுந்தது. அது முழங்காலைத் தாண்டியது. கெண்டைக்காலில் சுருள் சுருளாக நிரம்பியது. கேட் வால்வைத் திறந்தால் காய்ந்த வாய்க்காலில் தண்ணீர் இறங்குவதுபோல, மேலிருந்து கீழாக.

"கால்ல ரெண்டு பாதை இருக்கு" என்றார் டாக்டர், அவளைக் கட்டிலில் ஏற்றிக்கொண்டே. "ஆழத்துல பெரிய குழாய். பத்துல ஒன்பது பங்கு ரத்தம் அதுலதான் மேல போகுது, அதுல வால்வு நல்லா இருக்கு. தோலுக்கு அடியில இந்தக் குழாய். இது ரத்தத்தை மேல கொண்டு போகவே இல்ல. பெரிய குழாய் ஏத்தி விட்டதைத் திருப்பிக் கீழ கொட்டுது. அன்னைக்கு நீங்க இறுக்கினது ரெண்டையும் சேர்த்து நெரிச்சிடுச்சு, போக வழியே இல்ல. நான் இப்ப லேசாக் கட்டினது கெட்டதை மட்டும்தான் மூடுச்சு. லேசரும் அதைத்தான் பண்ணும்."

குணாளன் தரையிலிருந்து எழவில்லை. மூன்றாம் லைன் வீடுகளுக்குப் பக்கத்தில் ஒரு பழைய குழாய் இருந்தது. புதுக் குழாய் போட்ட பிறகும் பழையது அதோடு இணைந்தே கிடந்ததால், ஏறுகிற தண்ணீரில் பாதி அதன் வழியாக ஓடைக்கே திரும்பிக்கொண்டிருந்தது. டாங்கி நிறையாமல் வீடுகளில் எல்லாம் சண்டை. இவன்தான் பழைய குழாயின் மேல்வாயில் மூடி போட்டான். எதுவும் வெடிக்கவில்லை. மறுநாளே டாங்கி நிரம்பி வழிந்தது. தன் கையால் செய்ததே தனக்கு ஞாபகம் வராமல் போயிற்று.

"மூடுங்க டாக்டர்" என்றான்.

லேசர் வெளிச்சம் கண்ணில் படாமலிருக்க எல்லோரும் பச்சைக் கண்ணாடி போட்டுக்கொண்டார்கள். முழங்காலுக்குப் பக்கத்தில் ஓர் ஊசி, அதன் வழியாக மெல்லிய வயர். திரையில் அது வெள்ளைக் கோடாகத் தொடைக்குள் ஏறியது. பெரிய குழாயோடு சேருகிற வாசலுக்குச் சற்று முன்னாலேயே டாக்டர் நிறுத்தினார், அதற்குள் சூடு போய்விடக் கூடாது என்பதற்காக. பிறகு குழாயைச் சுற்றி ஊசியால் மருந்துத் தண்ணீரை ஏற்றினார். ஒரே தண்ணீருக்கு மூன்று வேலை. வலியை மரத்துப்போகச் செய்யும், குழாயை வயரோடு ஒட்டி நெருக்கும், சூடு பக்கத்துச் சதைக்குப் பரவாமல் தடுக்கும். இந்த ஏற்பாடு குணாளனுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. இருந்தாலும் சிவப்பு வெளிச்சம் வந்து, மெஷின் விட்டு விட்டுக் கத்தத் தொடங்கியதும், அவன் சசிரேகாவின் கையைப் பிடித்த பிடியில் அவள்தான், "எலும்பை உடைச்சிடாதீங்க" என்றாள். "வாயில ஏதோ கருகின ருசி வருது, வேற ஒண்ணும் இல்ல."

டாக்டர் நூலிழை நூலிழையாக வயரைப் பின்னால் இழுத்தார். வயர் கடந்துபோன இடமெல்லாம் திரையில் குழாய் இறுகி வெளுத்தது. முடிந்ததும் அவர் ஸ்கேன் கருவியை ஆழமாக அழுத்திப் பிடித்து, பாதத்தைப் பிசைந்தார். உள்ளே பெரிய குழாயில் நீலம் பாய்ந்து மேலே போனது. கையை எடுத்தார். குணாளன் திரையை முகத்தால் தொட்டுவிடுகிற மாதிரி குனிந்தான்.

சிவப்பு வரவில்லை.

கணுக்காலில் மெலிந்த தோலுக்கு அடியிலிருந்த சின்ன நரம்புகளுக்கு நுரைபோல ஒரு மருந்தை ஊசியால் ஏற்றினார்கள். இறுக்கமான காலுறையைக் கத்தரீன் மாட்டிவிட்டாள். "படுக்கக் கூடாது. இப்பவே அரை மணி நேரம் வராந்தாவுல நடக்கணும். வீட்டுக்குப் போயும் தினமும் நடக்கணும். பம்பு நின்னா ரத்தம் கட்டிடும்" என்று டாக்டர் சொன்னதும், குணாளன் வராந்தாவில் அவளுக்கு ஒரு அடி முன்னால், தரையில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடந்தான். புனிதன் பெஞ்சில் உட்கார்ந்து, "மாமா, ஆபரேஷன் யாருக்கு லா?" என்று கேட்டான்.

மாலை வெயில் இருக்கும்போதே வீடு வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டில் மணியம்மா எட்டிப்பார்த்துவிட்டு உள்ளே போனாள். சசிரேகா காலுறையோடு லைன் வீடுகளின் ஓரமாக நடக்கத் தொடங்கியதும் மணியம்மாவால் பொறுக்க முடியவில்லை.

"அடியே, ஆபரேஷன் பண்ண காலை வெச்சுக்கிட்டு நடக்கிறாளே. உள்ள போய் படு. பத்தியத்துக்கு நான் கஞ்சி வெச்சிருக்கேன்."

"படுக்கத்தான் கூடாதாம் அக்கா. கஞ்சி குடுங்க, நடந்துக்கிட்டே குடிக்கிறேன்."

அவள் இரண்டு சுற்று நடந்தாள். குழாயடியில் கஞ்சிச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்த மணியம்மா அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சசிரேகா நின்று, தேயிலைக் கறையைப் பற்றி டாக்டர் சொன்னதையும், பட்டியை லேசாகக் கட்டிக் காட்டியதையும் அவளிடம் சொன்னாள். மணியம்மா சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். குழாய்மேல் காய்ந்துகொண்டிருந்த, தான் கால் தேய்க்கும் தேங்காய் நாரைக் கையில் எடுத்து, கொஞ்ச நேரம் வைத்திருந்து, குப்பைத் தொட்டியில் போட்டாள்.

பிறகு குணாளனிடம் வந்தாள். கையில் அந்த ரப்பர் பட்டி இருந்தது. அறுந்த இடத்தில் முடிந்திருந்தாள்.

"அந்த டாக்டரு இதை எப்படிக் கட்டினாரு தம்பி? லேசாவா? எனக்கும் கட்டிப் பாரேன்." கைலியைக் கணுக்காலுக்கு மேலே கொஞ்சம் உயர்த்தினாள். இரண்டு காலிலும், பழைய குழாயின் நிறத்தில், கறை நன்றாகவே படிந்திருந்தது.

குணாளன் பட்டியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"நான் பைப்பு பார்க்கிறவன்க்கா" என்றான். "அடுத்த வாரம் சசியைக் காட்டறதுக்கு புனிதன் வேன்ல ஈப்போவுக்குப் போறோம். நீங்களும் வாங்க. பின்னால காய்கறிக் கூடையோட உக்காரணும், பரவாயில்லையா?"

"நாக்கு நீளம்டா உனக்கு" என்றாள் மணியம்மா. கைலியை இறக்கிவிட்டு, குழாயை மூடினாள். "எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"